"இதில் ஆராய்ச்சி எங்கே?"

நான்கு பேர் கொண்ட எங்கள் நிறுவனம் நீரின் தரத்தை அளக்கும் உணரிகளைச் செய்கிறது. ஆராய்ச்சி மானியம் கேட்டு முதலில் அனுப்பிய 15 பக்க விண்ணப்பத்தில், பொருளை எப்படி விற்போம் என்று பெருமையாக எழுதியிருந்தேன். திரும்பி வந்த மதிப்பீட்டில் ஒரு வரி உறுத்தியது: "இதில் ஆராய்ச்சி எங்கே?"

நியாயமான கேள்வி. ஆராய்ச்சி மானியம் என்பது விடை தெரியாத தொழில்நுட்பக் கேள்விக்குத் தரும் பணம். எங்கள் உண்மையான சிக்கல் உணரியின் மேல் படியும் பாசி. சில வாரங்களில் அளவீடு தடுமாறத் தொடங்கிவிடும். பலவீனமாகத் தெரியுமே என்று அதைத்தான் மறைத்திருந்தேன்! இரண்டாம் முறை அதை முதல் பத்தியிலேயே வைத்தேன். "90 நாள் நீரில் கிடந்த பிறகும் பிழை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பாசியைத் தடுக்க உணரியின் மேல் பூசும் இந்தப் பூச்சு தோற்றது" என்று எழுதினேன். அந்த எண்ணை முடிவு செய்யவே எங்களுக்குள் இரண்டு நாள் சண்டை.

ஒரு தொழில்நுட்பம் பயன்பாட்டுக்கு எவ்வளவு தயார் என்று சொல்லும் 'தொழில்நுட்ப ஆயத்த நிலை' 1 முதல் 9 வரை செல்லும். முன்பு 7 என்று பீற்றிக்கொண்டேன். ஆய்வகத்தில் மட்டும் ஓடிய கருவிக்கு 4 போதும்.

செலவுத் திட்டம் சலிப்பான வேலை. ஒவ்வொரு தொகையையும் ஒரு சோதனையோடு இணைத்துவிட்டேன். ஆதரவுக் கடிதங்களில் வாழ்த்துகளைத் தள்ளிவிட்டு, "எங்கள் தொட்டியில் சோதிக்கலாம்" என்றதை மட்டும் வைத்தேன்.

கடைசியில் சுருக்கத்தைத் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாம் வரியில் நிமிர்ந்தாள். "பாசி என்றே சொல்லேன், அண்ணா." 'உயிரிப்படலப் படிவு' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன்.