வைஃபையும் வாடிய முளைகளும்: ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடம்

அறிவியல் செய்தியை எடைபோடக் கற்றுக்கொடுக்க, மாணவர்களின் வயதொத்தவர்கள் செய்த ஒரு சோதனையே மிக நல்ல பாடப்பொருள். 2013-ல் டென்மார்க்கில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் ஐவர் கிரெஸ் கீரை விதைகளை 12 தட்டுகளில் தூவினார்கள். ஆறு தட்டுகள் வைஃபை ரவுட்டர்கள் இருந்த அறையில், மற்ற ஆறும் ரவுட்டர் இல்லாத வேறோர் அறையில். 12 நாள் கழித்துப் பார்த்தால் ரவுட்டர் அறையில் முளைப்பு படுமோசம். செழித்த தட்டையும் வாடிய தட்டையும் பக்கத்தில் வைத்த படம் உலகமெங்கும் செய்தியானது.

வகுப்பில் முதலில் இந்தச் செய்தியை மட்டும் சொல்லுங்கள். 'வைஃபை செடியைக் கெடுக்கிறது' என்பதை எவ்வளவு நம்புகிறார்கள் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு எழுதட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி: இரண்டு அறைகளுக்கும் இடையே வேறு என்னென்ன வித்தியாசம் இருந்திருக்கலாம்? வெயில், ஜன்னல், காற்று என்று பட்டியல் நீளும். ரவுட்டர் சூடாகும், அந்தச் சூட்டில் தட்டின் ஈரம் சீக்கிரம் காயும் என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். அறிவியலாளர்கள் எழுப்பிய முக்கியக் கேள்விகளில் ஒன்றும் அதுதான்.

அடுத்தது கொஞ்சம் கடினம், ஆனால் விட்டுவிடக் கூடாதது. ஆறு தட்டு, நூற்றுக்கணக்கான விதை என்றால் சான்று நிறைய இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் ஒப்பிட்டது ஓர் அறையை இன்னோர் அறையோடு. ஒரே அறையின் விதைகளெல்லாம் ஒரே வீட்டுச் சாட்சிகள். எத்தனை பேர் வந்து சொன்னாலும் அது ஒரு சாட்சியம்தான்.

அந்த மாணவிகளை யாரும் கேலி செய்ய அனுமதிக்காதீர்கள், பெயரைத் தேடவும் சொல்லாதீர்கள். கேள்வி கேட்டு, எண்ணி, முடிவை வெளியே சொன்ன பிள்ளைகள் அவர்கள். பிழை சோதனை அமைப்பில் இருந்தது. அதைச் சரிசெய்து நம் வகுப்பே செய்து பார்க்கலாம்.

கிரெஸுக்குப் பதில் பச்சைப்பயறு, 48 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே மாடல் ரவுட்டர் இரண்டு வேண்டும். இரண்டையும் மின்சாரத்தில் போட்டு, ஒன்றில் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டால் சூடு ஏறக்குறைய சமமாகிவிடும். இரண்டுக்கும் 5 மீட்டர் இடைவெளி, ஒவ்வொன்றிலிருந்தும் 20 செ.மீ. தள்ளி ஆறு தட்டுகள், தட்டுக்கு 20 பயறு. பயறு முழுவதையும் ஒரே பாத்திரத்தில் 6 மணி நேரம் ஊறவைத்து, எந்தத் தட்டு எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் பஞ்சில் 10 மி.லி. தண்ணீர், பிறகு காலையும் மாலையும் 5 மி.லி. இருபுறமும் ஒரு வெப்பமானி. திங்கள் மாலை வைத்து புதன் மாலை எண்ணிவிட்டு, புதன் முதல் வெள்ளிவரை ரவுட்டர்களை இடம் மாற்றி, புதிதாக 12 தட்டுகளில் மறுபடி செய்யவேண்டும். இந்த இரண்டாவது சுற்றைச் சோம்பலில் விட்டால் டென்மார்க் சோதனையின் அதே ஓட்டைதான்.

முளைவேர் 2 மி.மீ. வந்திருந்தால் முளைத்தது என்று கணக்கு. இதைத் தொடங்குமுன்பே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். தட்டின் அடியில் மட்டும் குறியீடு இருக்கட்டும், எண்ணுகிறவருக்கு எது எந்தப் பக்கத்துத் தட்டு என்று தெரியக்கூடாது. பழைய பயறாக இருந்தால் இரண்டு பக்கமும் முளைக்காது, ஆகவே முந்தின வாரமே 20 பயறை முளைக்கவைத்துப் பாருங்கள். நல்ல பயறு என்றால் எல்லாத் தட்டிலும் 20-க்கு 20 வந்து வித்தியாசமே தெரியாமல் போகலாம். அப்போது முளையின் நீளம் கைகொடுக்கும். வளைந்த முளையை நூல் வைத்து அளந்து, அந்த நூலை ஸ்கேலில் வையுங்கள்.

நேர்மை சோதிக்கப்படுவது பூஞ்சை பிடித்த தட்டில். 'சார், இதை விட்டுடலாமா?' என்று கேட்பார்கள். எந்தத் தட்டை நீக்குவது என்ற விதி முன்பே எழுதப்பட்டிருந்தால் மட்டுமே நீக்கலாம், நீக்கியதையும் நோட்டில் பதியவேண்டும். ரீடிங் பேனாவில்தான். தவறினால் ஒற்றைக் கோடு, ரப்பரோ ஒயிட்னரோ கூடாது.

ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கத்துக்கு விடை 9.8 வரவேண்டும் என்று தெரிந்துகொண்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து போடும் பழக்கம் நம் ரெக்கார்டு நோட்டுகளில் ஊறிப்போனது. அதற்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. விடைக்கு மதிப்பெண் கொடுக்கிறவர்கள் நாம்தான். இந்தச் சோதனையில் முடிவு எப்படி வந்தாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது, பதிவுக்கு மட்டுமே என்று முதல் நாளே அறிவியுங்கள்.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு தட்டுகளை முளைப்பின்படி வரிசைப்படுத்தி, மூன்றாவதையும் நான்காவதையும் எடுக்கச் சொல்லுங்கள். மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் அருகருகே வைப்பது பொய் சொல்லாமலே ஏமாற்றுவது.

கடைசியாக முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதட்டும். வித்தியாசம் தெரியவில்லை என்றால், 'வைஃபை முற்றிலும் பாதுகாப்பானது' என்று சிலர் எழுதுவார்கள். அதையும் அடிக்கத்தான் வேண்டும். 'இந்த 24 தட்டுகளில், 48 மணி நேரத்தில், பச்சைப்பயறின் முளைப்பில் வித்தியாசம் காணவில்லை' என்பதுவரைதான் சொல்ல உரிமை. பிறகு முதல் நாள் எழுதிய மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றைப் போட்டு, மாறியதற்கோ மாறாததற்கோ காரணம் எழுதச் சொல்லுங்கள்.