கூரை மேல் சத்தமில்லை

மார்ச் 3, திங்கள்
தகரக் கூரையில் மூசாங் (மரநாய்) ஓடும் சத்தம் கேட்டு ஐந்து ராத்திரி ஆகிறது.

மார்ச் 4
வாய்க்காலோரச் சேற்றில் புலித் தடம் பார்த்ததிலிருந்து ரப்பர் பால்மரக்காட்டுக்கு யாரும் விடியுமுன் போவதில்லை. மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) அதன் பெயரைச் சொல்ல மாட்டார். மலாய்க்காரர்களைப் போல 'பாக் பெலாங்' என்பார். நாய்கள் வாய்க்காலைத் தாண்டுவதில்லை. பப்பாளி பழுத்து விழுந்து கிடக்கிறது, தின்ன வரவில்லை. ரம்புத்தான் முடிந்துவிட்டது, அதனால்தான் மூசாங் வரவில்லை என்கிறார் அம்மா. பப்பாளி இருக்கிறதே அம்மா.

மார்ச் 6
ஈப்போவிலிருந்து போன் வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
தூக்கமில்லை. போனில் படித்தது மனதை விட்டுப் போகவில்லை. கனடாவின் மேற்குக் கரையில் சில தீவுகள். ஓநாய், கரடி, பூமா எல்லாம் அங்கே எப்போதோ ஒழிந்துவிட்டன. ரக்கூன்கள் பயமில்லாமல் கடலோரத்தில் இறங்கி நண்டு தின்று பழகிவிட்டன. ஒலிபெருக்கி வைத்து ஒரு மாதம் நாய் குரைக்கும் சத்தத்தை ஓடவிட்டார்கள். நாயே இல்லை, வெறும் சத்தம். அதற்கே அவை கரையில் இரை தேடும் நேரம் 66 விழுக்காடு குறைந்தது. நண்டுகள் பெருகின. 2016-ல் வெளிவந்த ஆய்வு.

அப்பா வீட்டில் இருந்தால் அவர் இருமலுக்கே எலி அசையாது. இப்போது சமையலறை மேசை மேல் ஏறி உட்காருகிறது. மூசாங் இல்லாததாலா, அப்பா இல்லாததாலா?

மார்ச் 10
எலிக்கூண்டு வைத்தேன்.

மார்ச் 12
பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) ஆட்கள் வந்து கேமரா கட்டிவிட்டுப் போனார்கள். 1950-களில் இந்த நாட்டில் 3,000 புலிகள் இருக்கும் என்று கணக்குச் சொன்னார்களாம். இன்று காட்டில் 150-க்கும் குறைவு. அதில் ஒன்று நம் வாய்க்காலோரம் நடந்திருக்கிறது! பயமாகவும் இருக்கிறது, அது எங்கேயாவது கம்பிக் கண்ணியில் மாட்டிவிடக் கூடாதே என்றும் இருக்கிறது. அம்மா நாளையிலிருந்து பழையபடி விடிகாலையிலேயே போகிறாராம். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும், கைச்செலவுக்குப் பணம் வேண்டும் என்கிறார். போகாதீர்கள் என்றேன். சரி சரி என்றார். வாளியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

மார்ச் 13, அதிகாலை 3:30
கூரையில் சத்தம். முதலில் ஒரு குதி, அப்புறம் தகரம் முழுக்க ஓட்டம். மூசாங்தான். அப்படியென்றால் புலி போய்விட்டது. தானாகப் போனதா? கண்ணியிலா?

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "போன் அடிக்குதாடா?" என்கிறார்.