பத்துக்கு ஏழு

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சையில்கூட நான் பத்துக்கு ஏழு வாங்கியது கிடையாது. இந்தச் சித்திரையில் வாங்கினேன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தேதி குறித்திருந்தார்கள், அதற்கு முன்னால் மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். சின்ன வயசு டாக்டரம்மா. "சிகரெட் பழக்கம் இருக்குதுங்களா?" என்றார். "எப்பவாவது ஒண்ணுங்க" என்றேன். பக்கத்தில் இருந்த என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, தொண்டையை மட்டும் செருமினாள். டாக்டரம்மா சிரிக்காமல் ஒரு தாளை எடுத்தார்.

ஆறு கேள்வி. தூங்கி எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட் என்பது முதல் கேள்வி. ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் அதற்கு மட்டுமே 3 மார்க், எனக்கு அது பல் விளக்குவதற்கு முன்னாலேயே ஆகிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை? 14 என்றேன், அதற்கு ஒன்று. எதை விடுவது ரொம்பக் கஷ்டம்? காலையில் பிடிப்பதை, அதற்கு ஒன்று. மற்ற நேரத்தைவிடக் காலையில்தான் அதிகம் பிடிப்பீர்களா, காய்ச்சலில் படுத்துக் கிடந்தாலும் பிடிப்பீர்களா, இரண்டுக்கும் ஆமாம். பிடிக்கக் கூடாத இடத்தில் அடக்கிக்கொள்ள முடியாமல் தவிப்பீர்களா என்ற கேள்விக்கு மட்டும் தலை நிமிர்ந்து "இல்லைங்க" என்றேன். அம்மாபேட்டையில் நூல் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான், கடைக்குள் தீக்குச்சியை உரசினால் முதலாளி என் தோலை உரித்துவிடுவார். ஆக மொத்தம் 7. சீட்டில் ஆங்கிலத்தில் என்னமோ எழுதினார், அப்போது நான் அதைப் படிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர், "சிகரெட் அடிக்ஷன் பேஷண்ட் யாருங்க?" என்று மாட்டுச் சந்தையில் விலை கேட்கிற குரலில் கேட்டார். முப்பது பேர் இருப்பார்கள், அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. என் மனைவிதான் எழுந்து போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பிடிக்கிறேன் என்பது எனக்கே தெரியும், அதில் புதிதாக வருத்தப்பட ஒன்றும் இல்லை. அந்த வார்த்தைதான் நெஞ்சில் இடித்தது. நம் தமிழில் அதற்கு இருக்கிற சொல் என்ன, அடிமை. போதைக்கு அடிமை என்று சொன்னதும் என் கண் முன்னால் வருகிறவன் சாராயக் கடை வாசலில் வேட்டி அவிழ்ந்து கிடக்கிறவன். நான் அப்படியா? ஒன்றாம் தேதி பால்காரருக்குக் காசு, ஐந்தாம் தேதிக்குள் சீட்டுப் பணம், பெண்ணைக் கல்லூரியில் படிக்க வைக்கிறேன், யாரிடமும் ஒரு சொல் கேட்டதில்லை. சிகரெட் எனக்கு ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் என்கிற சொல்லையும் லேசாக நினைக்கக் கூடாது. எங்கள் பக்கம் பெண் பார்க்கிற இடத்தில் புரோக்கர் சொல்கிற முதல் வரியே "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லீங்க" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அப்போது என் சட்டைப் பையில் பாதி பாக்கெட் இருந்தது. ஆனாலும் பழக்கம் என்றால் அதில் ஒரு மரியாதை மிச்சம் இருக்கிறது. நானே பழகினேன், நினைத்தால் நானே விடுவேன். அடிமைக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆங்கிலச் சொல்லின் கதையும் அதேதான். பழைய ரோமில் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதவனைக் கடன் கொடுத்தவனிடமே ஒப்படைத்துவிடுவார்களாம், அப்படிப் போனவனுக்குப் பெயர் அடிக்டஸ். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடை நோட்டுதான் நினைவுக்கு வந்தது. அந்த வாரம் என் பேரில் 640 ரூபாய் நின்றது.

டீக்கடையில் இதைச் சொன்னால் ஆளுக்கு ஒரு மாதிரி. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற என் மச்சான் முறை ஒருத்தர், "அட விடுங்க மாப்ள, நமக்குப் பகலெல்லாம் பத்த வைக்கிறதுதான் பொழப்பு, சாயங்காலம் ரெண்டு பத்த வெச்சா என்ன கொறஞ்சு போச்சு" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, "ஆனா என்னைப் பார்த்து எவனாவது அடிமைன்னு சொன்னா செவுள்லயே வைப்பேன்" என்றார், அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. தறி ஓட்டுகிற ஒரு பையன் இதற்கு நேர் எதிர். "ஆமாங்கண்ணா, நான் அடிக்ட்டு, என்னால முடியாது" என்று ஏதோ படித்து வாங்கிய பட்டம் மாதிரி சொல்லிக்கொண்டே அடுத்ததைப் பற்ற வைத்தான். ஒருத்தருக்கு அந்தப் பெயர் அவமானம், இன்னொருத்தருக்கு அதுவே லைசென்ஸ். இரண்டு பேர் கையிலும் சிகரெட் அப்படியேதான் இருந்தது.

நான் எதிர்பார்க்காதது என் மனைவி சொன்னதுதான். "இத்தன வருசமா, நான் வேண்டாங்கறதுனாலயே வீம்புக்குப் புடிக்கிறீங்கன்னு நெனச்சுட்டு இருந்தங்க" என்றாள். எத்தனை சண்டை, எத்தனை நாள் பேசாமல் இருந்திருப்போம். சிகரெட்டுக்கு அடிமை என்று சீட்டில் எழுதியிருந்த அந்த ஒரு வரியைப் பார்த்ததும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்த அதே வரிதான்.

என் அம்மாயியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் பழம் பறித்தவர். சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை. குளிருக்கு என்பார். ஏற்காட்டுக் குளிருக்கு அது சரிதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் சித்திரை வெயிலில் சேலத்துக்கு இறங்கி வந்தாலும் போட்டுக்கொண்டுதான் இருப்பார். போயிலை தீர்ந்த அன்றைக்கு வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது, பாத்திரமெல்லாம் தானாகச் சத்தம் போடும். ஒரு தடவை மாலை ஏழு மணிக்கு மூடுபனியில் கை நீட்டினால் கை தெரியாத நேரத்தில் என்னைக் கடைக்கு அனுப்பினார், எனக்கு ஒன்பது வயசு. "ஓடிப் போய்ட்டு வா சாமி, அம்மாயிக்குத் தல கிறுகிறுங்குது." அந்த டாக்டரம்மாவின் தாளில் புகைக்குப் பதில் போயிலை என்று மாற்றிக் கேட்டிருந்தால் அம்மாயி பத்துக்குப் பத்து வாங்கியிருப்பார். அவரை யாராவது அடிமை என்று சொன்னோமா? கிழவி வெற்றிலை போடுகிறாள் என்றோம். உடம்புக்குள் நடப்பது ஒன்றுதான், ஆளைப் பார்த்துத்தான் நாம் பெயர் வைக்கிறோம்.

உடம்புக்குள் நடப்பதை டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார், ஆஸ்பத்திரியில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அது. இழுத்த பத்துப் பன்னிரண்டு வினாடிக்குள் புகையிலையில் இருக்கிற நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. ஆனால் தங்குவதில்லை, இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது பாதியாகிவிடும், விடிவதற்குள் கிட்டத்தட்டக் காலி. அதனால்தான் அந்த முதல் கேள்விக்கு அவ்வளவு மார்க். காலையில் எழுந்ததும் எனக்கு வருகிற கடுகடுப்பு என் சுபாவம் என்றே நாற்பத்தைந்து வயசு வரைக்கும் நினைத்திருந்தேன், எங்கள் வம்சமே கோபக்கார வம்சம் என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

சரி, ஐயப்பனுக்கு மாலை போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். சிகரெட் பிடிக்கிற எந்த ஆளிடமும் நீ அடிமை என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான். "மாலை போட்டா ஒரு மண்டலம் தொடமாட்டேன், தெரியுமில்ல?" நானும் சொல்வேன். ஏழு தடவை மலைக்குப் போயிருக்கிறேன், ஏழு தடவையும் கார்த்திகை ஒன்றாம் தேதியில் இருந்து தொட்டதில்லை. அடிமையாக இருந்தால் அது எப்படி முடியும்? இதைத்தான் டாக்டரம்மாவிடமும் கொஞ்சம் மிதப்பாகக் கேட்டேன். அவர், "மாலையைக் கழட்டினதும் எத்தனை நேரத்துல புடிச்சீங்க?" என்று கேட்டார்.

கோயிலில் மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு நடக்கிற வழியில். ஏழு தடவையும்.

அந்த நாட்களில் எனக்கு ஏன் முடிந்தது என்று இப்போது யோசிக்கிறேன். சாமி பேரைச் சொல்லி விட்டுவிட்டேன், பக்தி என்று முடித்துவிடலாம். ஆனால் முதல் வாரம் எனக்கு நரகம்தான், அதுவும் இரண்டாம் மூன்றாம் நாள். "சாமிக்கு இந்த வருசமும் கோவம் வந்துருச்சு" என்று வீட்டில் சொல்வார்கள். அப்போதும் எல்லோரும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். பெட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பாக்கெட்டை எடுக்க மாட்டார். "சாமி, டீ மட்டுமா?" என்பார். பட்டறை மச்சான் புகையை அந்தப் பக்கம் திரும்பி ஊதுவார். ஊரே சேர்ந்து நடத்திக் கொடுத்தது. அதே ஆள், அதே நிக்கோட்டின். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் குரல் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது கீழே இறங்கிப் போய் ஒன்றைப் பிடித்துவிட்டு வரலாம் என்பதுதான், போய்ப் பிடிக்கவும் செய்தேன்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் அடிமை என்று சொல்லவே கூடாதா என்று கேட்காதீர்கள். அந்தப் பெயரை வைக்க விடாமல் தடுத்தவர்கள் யார் என்று தேடிப் பார்த்தால் வேறு மாதிரி கோபம் வருகிறது. 1964-இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல், அதாவது அந்த நாட்டுப் பொதுச் சுகாதாரத்துக்குத் தலைமை டாக்டர், வெளியிட்ட அறிக்கை சிகரெட்டைப் பழக்கம் என்றுதான் வகைப்படுத்தியது, அடிமைத்தனம் என்று சொல்லவில்லை. 1988-இல்தான், எவரெட் கூப் சர்ஜன் ஜெனரலாக இருந்தபோது, இதுவும் ஹெராயின், கொக்கைன் மாதிரி அடிமையாக்குகிற சரக்குதான் என்று அறிக்கை வந்தது. அதற்கு ஆறு வருஷம் கழித்தும் ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் சத்தியம் செய்துவிட்டு, நிக்கோட்டின் அடிமையாக்காது என்றே நம்புகிறோம் என்று வரிசையாகச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கம்பெனிகளில் ஒன்றின் வக்கீல் 1963-லேயே உள்ளுக்குள் எழுதிய குறிப்பில், நாம் விற்பது அடிமையாக்கும் சரக்கு என்று பச்சையாக ஒத்துக்கொண்டிருக்கிறார். பழக்கம் என்ற சொல் எனக்கு மட்டும் வசதியாக இருந்திருக்கவில்லை. "நீயாகத்தானே வாங்கிப் பிடித்தாய்" என்று சொல்ல அவர்களுக்கும் அதுதான் வசதி.

அந்த ஆறு கேள்வியின் கதை இன்னும் சுவாரசியம். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் கார்ல் ஃபாகர்ஸ்ட்ரோம் 1978-இல் போட்ட கேள்விகள், 1991-இல் திருத்தி ஆறாக்கினார்கள். ரொம்ப நாள் அதற்கு நிக்கோட்டின் சார்பு என்று பெயர், நிக்கோட்டின் இல்லாமல் இருக்க முடியாத நிலை என்று அர்த்தம். 2012-இல் அவரே அதை மாற்றி சிகரெட் சார்பு என்று வைக்கச் சொன்னார், ஏனென்றால் ஆளைப் பிடித்து வைத்திருப்பது நிக்கோட்டின் மட்டும் இல்லை. கேள்வி போட்டவருக்கே முப்பது வருஷம் கழித்துப் பெயரில் திருப்தி இல்லை என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் சமாதானமாக இருந்தது. அவர் சொல்வது உண்மை என்றும் நினைக்கிறேன். ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி, நெஞ்சில் சளி கட்டும், தையல் ஆறாது என்று பயமுறுத்தி, டாக்டரம்மா நிக்கோட்டின் பபிள்கம் எழுதிக் கொடுத்தார், 2 மில்லிகிராம், மெல்லுவதும் கன்னத்தில் ஒதுக்குவதுமாக இருக்க வேண்டும். ஒதுக்கிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் அப்படியே அம்மாயி. ஆனால் நிக்கோட்டின் கிடைத்தும் கை சும்மா இருக்க மறுத்தது. கணக்கு நோட்டை மூடியதும் கடை வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல்.

காபிதான் இன்னொரு தொல்லை. எஸ்டேட்டில் வளர்ந்தவன், நாளைக்கு ஐந்து டம்ளர். புகையில் இருக்கிற சில பொருட்கள் காபியில் இருக்கிற கஃபீனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றுமாம், புகை நின்றதும் அதே காபி கூடுதலாக ஏறும். ஒரு வாரம் கை நடுக்கமும் படபடப்பும் சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாதிக்குக் காபிதான் காரணம். மூன்று டம்ளராகக் குறைத்ததும் அடங்கியது. காபி இல்லாமல் எனக்குப் பொழுதே விடியாது என்று நான் சொன்னால் யாரும் சீட்டில் எழுதுவதில்லை, இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பதினோரு வாரமாகப் பிடிக்கவில்லை, நடுவில் ஒரு நாள் எங்கள் ஊர் ஐந்து ரோடு பக்கம் ஒரு கல்யாணத்தில் ஒன்றரை சிகரெட் தவிர. அந்த அரையைக் கீழே போட்டது நான்தானா என்று இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. நான் இப்போது யார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. விட்டுவிட்டேன் என்று சொன்னால் அடுத்த மாதம் பார்க்கிறவன் கேலி செய்வான். அடிமை என்று சொல்லிக்கொள்ள இன்னமும் வாய் வரவில்லை. பழக்கம் என்று சொன்னால் பொய்.

போன வாரம், ஊரெல்லாம் ஆடித் திருவிழா, சேலம் குகைப் பகுதியில், சாமி வேஷம் கட்டி ஊர்வலம் போகிற வண்டி வேடிக்கைக்கு லாரிகளை ஜோடித்துக்கொண்டிருந்த சமயம், பழைய டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்காமலேயே டீயோடு சேர்த்து ஒரு ஃபில்டரை மேஜைமேல் வைத்தார். வேண்டாங்க என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தையும் மணிக்கட்டையும் பார்த்தார்.

"ஏனுங்க, மாரியாத்தாளுக்குக் காப்பு கீப்பு கட்டியிருக்கீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா" என்று சிகரெட்டை எடுத்து டப்பாவில் போட்டார். எனக்குப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தவரை, "அண்ணா, கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லுங்க, சாமி நிக்குறாரு" என்றார்.