ஒரே படம், இரண்டு தீர்ப்பு

"முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு தேய்ந்திருக்கிறது, அறுவை சிகிச்சைதான் வழி" என்றார் அம்மாவின் முதுகுவலியைப் பார்த்த ஒரு மருத்துவர். அதே ஸ்கேன் படத்தைப் பார்த்த இன்னொருவர் இன்று, "வெறும் தசைப்பிடிப்பு" என்கிறார்.

அம்மா எதுவும் பேசவில்லை. கட்டண ரசீதை மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

இருவரும் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, முதுகுவலியே இல்லாத 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் வட்டுத் தேய்மானம் தெரிகிறது. 80 வயதினரில் 96 சதவீதம்!

தேய்மானம் இருக்கலாம். வலி அதனால்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

இதை விளக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தானே இரண்டு இடத்திலும் பணம் கட்டினோம்?

அடுத்த மருத்துவரிடம் முதலில் இதைத்தான் கேட்கப்போகிறேன்: அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தால் அம்மாவுக்கு என்ன ஆகும்?