குளிர் தெரிந்தவள்

திருகோணமலைக்கு வாழ்க்கைப்பட்டு வரும் ஒரு பெண்ணுக்கு முதல் ஆண்டில் தாராளமாகக் கிடைப்பவை அறிவுரைகள்தான். நடுப்பகலில் வெயிலில் இறங்கக் கூடாது, கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொடித் துணிகளுக்கு இரட்டைக் கவ்வி போட வேண்டும், கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கினால் குடிநீரை எந்த வீட்டில் அள்ளலாம், சூடை மீனை எப்படித் துப்புரவாக்க வேண்டும், டச்சுக் குடாவில் எந்த இடம் வரை பயமின்றி இறங்கிக் குளிக்கலாம் என்று மாமியும் அயலவர்களும் மிதிவண்டியில் வரும் மீன்காரரும்கூட எனக்குச் சொல்லித் தந்தார்கள். நான் கோத்தகிரியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், மின்விசிறியே இல்லாத வீட்டில் வளர்ந்தவள் என்பதால் அந்த அறிவுரைகளில் ஒன்றுகூட வீண் போகவில்லை. இருந்தாலும், காலையில் எழுந்தது முதல் இரவு வரை மாணவியாகவே இருப்பதில் ஒரு களைப்பு உண்டு; புதிய நாட்டில் குடியேறியவர்கள் வீட்டு ஏக்கம் என்று சொல்வதில் பாதி இந்தக் களைப்புத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

புதிய நாடு என்று நான் எழுதுவதைக் கேட்டால் என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சிரித்திருப்பார். அவர் இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று வகுத்தது. அந்தக் கணக்கில் ஒருவராகத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தில் வேலை பெற்று நீலகிரியிலேயே தங்கிவிட்டார். என் கணவரோ 1990இல் தாயின் மடியில் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்து, அகதி முகாமில் வளர்ந்து, கோயம்புத்தூரில் என்னோடு படித்தவர். போர் முடிந்தபின் அவர் குடும்பம் ஊர் திரும்பியது. திருமணத்துக்குப் பிறகு நானும் திருகோணமலைக்கு வந்தேன்.

மத்திய மலைநாட்டுத் தேசிய பூங்காவான ஹோர்ட்டன் சமவெளியில் ஓர் இரவு முகாமிட்டு நடக்கலாம் என்ற யோசனை அவருடையது. எனக்கு வெக்கை தாங்கவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிவு செய்தால் பூங்காவுக்குள் கூடாரம் அடிக்க இடம் ஒதுக்கித் தருவார்கள் என்று விசாரித்துவந்து, மாசி மாதத்தில் மலையில் மழை குறைவாக இருக்கும் ஒரு வார இறுதியைத் தேர்ந்தெடுத்தார். செய்தியைச் சொன்னபோது மாமி சிறிது நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“காசு குடுத்தோ கூடாரத்தில படுக்கப் போறீங்கள்?”

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. கூடாரம் என்றால் மாமிக்கு இடம்பெயர்வுதான்; மழைநீர் உள்ளே வராமலிருக்கச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டியதும், ஒரே விரிப்பின்கீழ் இரண்டு குடும்பங்கள் படுத்ததும்தான். பொழுதுபோக்காகக் கூடாரம் அடிப்பது, வேண்டுமென்றபோது வீடு திரும்ப முடிந்தவர்களின் விளையாட்டு. நீலகிரியில் சுற்றுலாக்காரர்கள் வண்ணவண்ணக் கூடாரங்களோடு வருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது அதுவரை உறைத்ததில்லை. மாமி பிறகு சமாதானமாகி, எள்ளுப்பாகும் வறுத்த கருவாடும் கொத்தமல்லித் தூளும் கட்டித் தந்தார் என்றாலும், கேள்வியைத் திரும்பப் பெறவில்லை.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் பேருந்து. அங்கிருந்து நுவரெலியாவுக்கு மற்றொரு பேருந்து. மறுநாள் பட்டிப்பொல வழியாகப் பூங்கா வாயில் வரை வாடகை வேன். பட்டிப்பொலதான் இலங்கையின் மிக உயரமான தொடருந்து நிலையம். அதைத் தாண்டியபோது என் கணவர் கண்ணாடியை ஏற்றி மூட, நான் என் பக்கக் கண்ணாடியை இறக்கினேன்; ஓட்டுநர் இருவரையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஓட்டினார்.

வாயிலில் இரண்டு வேலைகள் நடந்தன. முதலாவது கட்டணம். இலங்கையின் தேசிய பூங்காக்களில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் உள்நாட்டவர் செலுத்துவதைப் போலப் பல மடங்கு. என் வதிவிட விசா அப்போது பரிசீலனையில் இருந்ததால், அகதி முகாமில் வளர்ந்த கணவர் உள்நாட்டவராகவும், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவரின் பேத்தியாகிய நான் வெளிநாட்டவராகவும் தனித்தனியே பற்றுச்சீட்டு வாங்கினோம். சட்டப்படி அது சரியே. சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் அம்மாயி இருந்திருந்தால் அவருக்கு எந்தக் கட்டணம் கேட்டிருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாவது பொலித்தீன் சோதனை. பிஸ்கட்டுகளை உறையிலிருந்து பிரித்துக் காகிதப் பையில் போட்டார்கள். தண்ணீர்ப் போத்தலின் மேலுறையைக்கூட உரித்து எடுத்துக்கொண்டார்கள். மரைமான்கள் மேயும் புல்வெளியில் பொலித்தீன் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது திருகோணமலைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரெட்ரிக் கோட்டையைச் சுற்றித் திரியும் புள்ளிமான்கள் பேருந்து நிலையப் பக்கம் வந்து உணவுப் பொதிகளைக் கிளறுவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

உள்ளே நுழைந்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அலையலையான புல்வெளி, அதன் பள்ளங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் குட்டையான சோலைக்காடு, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், ஓரிரண்டில் பூக்கத் தொடங்கியிருந்த சிவந்த காட்டுப்பூவரசு: ஊட்டிக்கு மேற்கே நான் பள்ளிச் சுற்றுலா போன இடங்களைக் கொண்டுவந்து கடலுக்கு இப்பால் வைத்ததுபோல் இருந்தது. சமவெளி ஏறத்தாழ 2,100 முதல் 2,300 மீட்டர் வரை உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் உயரமும் அதுவே. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரைத் தாங்கிய இந்த நிலம் 1988இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் மற்ற இரு காடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

கூடாரம் அடிக்க இடம் காட்டிய காவலர், சிறுத்தைகள் உலவும் காடு என்பதால் இருட்டியபின் தனியே நடக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு, இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து முதன்முறையாக, நான் சொல்லிக்கொடுப்பவளானேன்.

மூடுபனியில் நனைந்து கனத்திருந்த பருத்திக் காற்சட்டையோடு உட்கார்ந்திருந்தவரை எழுப்பி உலர்ந்த உடைக்கு மாற்றினேன். ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். கூடாரத்துக்குள் முதலில் இறப்பர் விரிப்பு, அதன்மேல் ஊரிலிருந்து கொண்டுவந்த பாய், அதற்கும் மேலே மடித்த போர்வை என்று அடுக்கினேன். கடற்கரைக்காரர்கள் குளிரை மேலிருந்து வருவதாக நினைத்து இரண்டு போர்வையைப் போர்த்திக்கொள்கிறார்கள். இரவு முழுவதும் சூட்டை இழுப்பது நிலம். கூடாரத்தின் காற்றுத் திறப்புகளை அவர் இறுக மூடியிருந்தார். மூச்சின் ஈரம் துணியில் படிந்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும் என்று சொல்லி ஒன்றைத் திறந்துவைத்தபோது அவர் என்னை ஒரு கொடுமைக்காரியைப் போலப் பார்த்தார்.

சமையல் தனிக் கதை. நான் சிறிய பிரஷர் குக்கரைப் பையில் வைத்தபோது திருகோணமலையில் என்னைக் கேலி செய்தார். சோறு வேகப் பானை போதாதா என்றார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொதி எவ்வளவு தளதளத்தாலும் அரிசிக்குக் கிடைக்கும் சூடு அவ்வளவுதான். அதிலும் புழுங்கல் அரிசி வெகுநேரம் இழுக்கும். நீலகிரியில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாங்கும் பாத்திரம் குக்கராக இருப்பதற்கு இதுவே காரணம். கூடாரத்துக்கு வெளியே வைத்த எரிவாயு அடுப்பில் விசில் கேட்டதும், சற்றுத் தள்ளி நின்ற ஒரு கொம்பன் மரை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் மேய்ந்தது. சுற்றுலாக்காரர்கள் தரும் தீனிக்குப் பழகிப்போய் வாகனத் தரிப்பிடத்தில் மனிதர்களை அண்டி நிற்கும் மரைகளையும் அன்று பார்த்தோம். இது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

சோறும் பருப்பும் கருவாடும் உண்டு, மல்லித் தண்ணீர் குடித்து, வெந்நீரைப் போத்தலில் அடைத்துத் துணி சுற்றிக் காலடியில் வைத்துப் படுத்தோம். அம்மாயி கொழுந்து எடுக்கப் போகையில் கம்பளியைத் தலையோடு மடித்துக் கொங்காணி போடுவார். அதே மடிப்பில் என் கணவரைச் சுற்றிவைத்திருந்தேன். கண்கள் மட்டுமே வெளியே தெரிந்தன.

“இஞ்ச பாரும், கன்னியா வெந்நீர்க் கிணறு ஒண்டையாவது கையோட கொண்டு வந்திருக்கலாம்” என்றார்.

பிறகு, வெகுநேரம் கழித்து, முகாமில் தாம் சிறுவனாக இருந்தபோது கூடாரத்துணியில் மழை விழும் சத்தத்துக்குத் தூக்கம் வராமல் கிடந்ததைச் சொன்னார். அன்றிரவு மழை இல்லை. அவர் பேசிக்கொண்டே போனார்; நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமியின் கேள்விக்கு எங்களிடம் இருந்த பதில் அதற்கு மேல் ஒன்றுமில்லை.

விடிந்தபோது புல் வெளுத்திருந்தது. உறைபனியை என் கணவர் அதுவரை கண்டதில்லை. கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார், நாக்கிலும் வைத்துப் பார்த்தார். எங்கள் ஊரில் உறைபனி என்றால் தேயிலைக் கொழுந்து கருகும் நட்டக் கணக்கு. அவருக்கு அது விளையாட்டுப் பொருள். நான் அதை வேடிக்கை பார்த்ததும் அன்றுதான்.

நடைபாதை பார் இன் என்னும் பழைய கட்டடத்தருகே தொடங்கி, சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி அங்கேயே திரும்பும் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் வட்டம். பூங்காவுக்குள்ளேயே தங்கியதன் பயன் இங்கே தெரிந்தது. உலக முடிவில் காலை ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். நுவரெலியாவிலிருந்து வருபவர்கள் அதற்காகவே விடியுமுன் எழுந்து புறப்படுகிறார்கள். நாங்கள் பதற்றமில்லாமல் நடந்தோம். ஏற்றங்களில் அவருக்கு மூச்சு வாங்கியது. குறுகிய அடியாக வை, பேசாதே, நின்று நின்று ஓடுவதைவிட நிற்காமல் மெல்ல ஏறுவது நல்லது என்று நான் சொல்லச் சொல்ல, நிலாவெளிக் கடலில் என்னை நீந்தப் பழக்கியபோது தாம் பேசிய தொனி இதுதான் என்று மூச்சிரைக்கக் கண்டுபிடித்தார்.

உலக முடிவு என்பது சமவெளி சட்டென்று நின்றுபோகும் விளிம்பு. ஏறத்தாழ 870 மீட்டர் ஆழம். கீழே ஒரு தேயிலைத் தோட்டமும் தொழிலாளர்களின் லயன் வீடுகளுடைய தகரக் கூரைகளும் தெரிந்தன. மற்றவர்கள் விளிம்பையும் தொடுவானத்தையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணிக்கு அங்கே பிரட்டு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டம், கலைந்து மலைக்கு ஏறியிருப்பார்கள்.

பேக்கர் நீர்வீழ்ச்சியில் என் கணவர் தம் பங்குக்கு ஒன்றைச் சொல்லத் துடித்தார். இந்தத் தண்ணீர்தான் மகாவலியாகி நம் மூதூருக்கு வருகிறது என்று பெருமையோடு தொடங்கியவரை, அருகில் நின்ற காவலர் தமிழிலேயே திருத்தினார். நீர்வீழ்ச்சியின் பெலிகுல் ஓயா தெற்கே வளவை ஆற்றில் சேர்கிறது. மகாவலிக்குப் போவது சமவெளியின் மறுபக்கம் இறங்கும் அக்ர ஓயா, அது கொத்மலை ஓயாவோடு கலந்துதான் மகாவலியை அடைகிறது. களனிக்கும் இந்த மலையிலிருந்தே ஒரு பங்கு உண்டு. ஒரே புல்வெளியில் விழும் மழை, எந்தச் சரிவில் விழுந்தது என்பதைப் பொறுத்துத் தென்கடலுக்கோ மேல்கடலுக்கோ கீழ்க்கடலுக்கோ போய்ச் சேர்கிறது. 335 கிலோமீட்டர் ஓடும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, கங்கைப் பாலத்தில் நாங்கள் எத்தனையோ முறை போயிருக்கிறோம். மாரியில் அங்கே கலங்கிய செம்மண் நீர் கடலுக்குள் வெகுதூரம் நீண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மண் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதுமில்லை. எனக்குச் சொல்லித் தந்த அத்தனை பேரில் எவரும் அதைச் சொன்னதுமில்லை. அம்மாயி பிறந்த அக்கரப்பத்தனை அக்ர ஓயாவின் வழியில்தான் இருக்கிறது.

காவலர் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். திருகோணமலை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவ்வளவு தூரமா என்று மட்டும் கேட்டார்.

வீடு திரும்பியதும் மாமி முதலில் மகனின் வெடித்த உதடுகளையும், பிறகு என்னையும் பார்த்துவிட்டு, எனக்கு முகம் தெளிந்திருக்கிறது என்றார். உறைபனியைப் பற்றி அவர் மகன் சொன்னதைக் கடைசிவரை நம்பவில்லை. அடுத்ததாக வஸ்கமுவையில் முகாமிட வேண்டும் என்கிறார் என் கணவர். மகாவலி அந்தப் பூங்காவின் கிழக்கு எல்லையாக ஓடுகிறது, யானைகள் மிகுந்த இடம். காடு சுடும், உண்ணி கடிக்கும், யானை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தமக்குத்தான் தெரியும், ஆகவே அங்கே தாம் சொல்வதை நான் கேட்க வேண்டும் என்று இப்போதே நிபந்தனை போடுகிறார். குக்கர் வேண்டாமாம். அதற்கு மட்டும் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.