மடிப்பு அவிழ்த்த சட்டை

2024 ஒக்ரோபர் 5, சனி

யாழ்ப்பாணத்து ஆட்களின் நினைவுகளை அவரவர் குரலில் பதிந்து வருகிறேன். ஆச்சிக்குத் தெளிவு காலமை 6.30க்கும் 7.30க்கும் இடையில்தான். தேத்தண்ணி குடித்து ஒரு மணித்தியாலம் போனால் பட்ட புயலும் கேட்ட புயலும் ஒன்றாகிவிடும். பட்டது 1964 டிசம்பர். கேட்டது 1978 நவம்பர், மட்டக்களப்பை அடித்தது. வானொலியில் கேட்டதற்கு மேல் அதில் அவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எட்டு மணிக்குப் பிறகு மட்டக்களப்புத் தென்னைகள் இவரின் வளவில் விழத் தொடங்கும்.

ஆண்டு கேட்கவே கூடாது. “மார்கழி பிறந்திட்டுதோ ஆச்சி?” என்று கேட்டேன். “பிறந்து ஒரு கிழமை பிள்ளை, வாசலில சாணிப் பிள்ளையார் நனைஞ்சு கரைஞ்சுபோச்சு.” 64 புயல் டிசம்பர் 22, 23 என்றால் மார்கழி ஏழு, எட்டு. பொருந்துகிறது.

வயதுக்கு அடையாள அட்டை. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று எண்ணியிருப்பார்கள். பெப்ரவரிக்குப் பிறகு பிறந்தவர்களின் கணக்கில் ஒரு நாள் பிசகினால் காரணம் அதுதான். பிறப்பைப் பிந்திப் பதிந்த குடும்பங்களில் இதையும் நம்ப முடியாது. ஆச்சியின் அட்டையில் 36. புயலடிக்கும்போது 28 வயது, கையில் இரண்டு பிள்ளை.

ஒக்ரோபர் 6, ஞாயிறு

எந்தக் கருவியில் எப்படிப் பதிகிறேன் என்று கேட்டவர்களுக்கு. 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு மைக் என்றால் மணித்தியாலத்துக்கு 520 மெகாபைட் அளவில் வரும். மைக் வாயிலிருந்து ஒரு சாண், நேருக்கு நேர் இல்லாமல் கொஞ்சம் சரித்து. சத்தம் கூடும் இடத்திலும் அளவுமுள் கழித்தல் 12 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது, அழுகை திடீரென்று உயரும். விசிறியை நிறுத்தவேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் அறையில் இருக்கும்போது காதுக்குப் படாது, எழுத இருக்கும்போதுதான் தெரியும். தொடக்கத்தில் ஒருவரும் பேசாமல் 30 செக்கன் வெறும் அறையைப் பதியுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

கை காட்டிப் பேசுவது ஒலியில் விழாது. “இவ்வளவு மண்ணெண்ணெய்” என்று விரலைக் காட்டினால் உடனே “அரை அங்குலம் வருமோ?” என்று கேட்டு வாயால் சொல்லவைக்க வேண்டும். போன மாதம் ஒருவர் ஜாம் போத்தல் விளக்குச் செய்யும் முறையை முழுக்கக் கையாலேயே சொல்லி முடித்தார். அடியில் பஞ்சு, பஞ்சு நனையுமளவு எண்ணெய், நடுவே கம்பியில் திரி, போத்தலே காற்றுக்கு மறைப்பு. இதை நான் பிறகு எழுதிச் சேர்த்தேன். அவருடைய குரலில் இருப்பது “இப்பிடி… இப்பிடி… பிறகு இப்பிடி” மட்டும்.

ஒக்ரோபர் 8, செவ்வாய்

மழை. தகரக் கூரை. பதிவு இல்லை.

ஒக்ரோபர் 10, வியாழன்

யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவு. நான்கு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

எழுத்திலேயே இரண்டு விதம் இருக்கிறது. சில பதிவுகள் 1981 மே 31 இரவு என்கின்றன, சிலது யூன் 1 இரவு. ஆட்களிடம் திகதி கேட்டால் படித்த திகதியைத்தான் சொல்வார்கள். கிழமை கேட்கவேண்டும். மே 31 ஞாயிறு, யூன் 1 திங்கள். தபாலில் வேலைசெய்த ஐயாவுக்கு அப்போது 29 வயது. “ஞாயிறு பின்னேரம் நாச்சிமார் கோயிலடியில கூட்டம், அங்க சூடு விழுந்தது. அண்டிரவே கடையள் எரிஞ்சது. நூலகம் அடுத்த நாள் இரவு. திங்கள் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தனான், அதுக்குப் பிறகுதான்.” வேலைநாள் ஒன்று இடையில் இருக்கிறது. இது புத்தகத்திலிருந்து வந்த நினைவு இல்லை.

இன்னொருவருக்கு அப்போது 15 வயது. நிலவு வெளிச்சத்தில் புகை எழும்பியதைக் கண்டதாகச் சொல்கிறார். அமாவாசை யூன் 2. அந்த இரண்டு இரவிலும் நிலவு இல்லை. அவரைப் பொய்யர் என்று எழுதமாட்டேன். அடுத்தடுத்த கிழமைகளில் போய்ப் பார்த்த சுவரும், வேறெங்கோ கண்ட நிலவும், பிறகு பார்த்த படங்களும் சேர்ந்து ஒரு காட்சியாகியிருக்கும். அவர் சொன்னபடியே எழுதி, நிலவுக் கணக்கைக் குறிப்பில் தனியாக வைத்திருக்கிறேன். அவருக்கு முன்னால் திருத்தவில்லை. திருத்தினால் அடுத்த கேள்விக்கு மனிதர் பதில் சொல்லமாட்டார், பரீட்சை எழுதுவார்.

எரிந்த புத்தகங்கள் 97,000 என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள், 19 வயதுத் தம்பியும் சொல்கிறான். எண்கள் பத்திரிகையிலிருந்து வந்தவை. முற்றத்தில் கருகிய தாள் வந்து விழுந்தது, எடுத்தால் விரலில் மாவாகிப்போனது என்று சொல்பவர் அங்கே இருந்தவர். ஆனால் தம்பியும் “எங்கட நூலகத்தை எரிக்கேக்க” என்றுதான் தொடங்குகிறான். “எங்கட” என்ற சொல்லுக்கு அடியில் கோடிட்டு வைத்தேன்.

ஒக்ரோபர் 12, சனி

விஜயதசமி. நான்கு பக்கமும் ஒலிபெருக்கி, இடையில் தேர்தல் ஓட்டோ வேறு. பதிவு இல்லை. ஆச்சியின் ஒரு காலமை வீணாகப் போனது.

ஒக்ரோபர் 14, திங்கள்

எத்தனை மணிக்கு நடந்தது என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். 1996 மே 25 இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்ரோபர் 26 அதில் அரை மணித்தியாலத்தைப் பின்னெடுத்தது. 2006 ஏப்ரல் 15 பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் இந்தப் பத்து ஆண்டும் பழைய நேரம்தான்.

ஆழிப்பேரலைக்கு, 2004 டிசம்பர் 26 ஞாயிறு, பூரணை, பருத்தித்துறைப் பக்கத்து அக்கா ஒரு நேரம் சொல்கிறார். வடமராட்சி கிழக்கிலிருந்தவர் அரை மணித்தியாலம் முந்திச் சொல்கிறார். இரண்டு பேரும் சரி. அந்தக் காலத்து நேரம் எதைப் பதிந்தாலும் “பழைய நேரமோ புது நேரமோ?” என்று அடுத்த மூச்சிலேயே கேளுங்கள். பிறகு கேட்டால் நினைவிருக்காது.

ஒக்ரோபர் 17, வியாழன்

எழுதி முடித்த 23 பேரின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு ஓட்டை.

எல்லோரும் 1990ஐச் சொல்கிறார்கள். யூனில் சண்டை, ரயில் நின்றது, மின்சாரம் போனது, கோட்டை முற்றுகை, குண்டு போடும் பொம்மர். செப்ரெம்பரில் இராணுவம் கோட்டையை விட்டுப் போனது. அதற்குப் பிறகு சவர்க்காரத்துக்குப் பனம்பழம், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவில் றேடியோ. நேரே 95, ஊரே எழும்பி நடந்த இரவு. ஒக்ரோபர் 30, திங்கள், மழை, நாவற்குழிப் பாலம். சாவகச்சேரி பத்து மைல் வராது, விடியும்வரை நடந்தார்கள். ஒருவர் ஆறு நாளுக்கு முன் வந்த சூரிய கிரகணத்தையும் சேர்த்துச் சொன்னார், அதுவும் சரி.

அதே ஒக்ரோபர் 30, ஐந்து ஆண்டு முன்னால், இதே பட்டினத்திலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். 23 பேரில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒக்ரோபர் 18, வெள்ளி

கேட்கவில்லை என்பது சரியில்லை. கேள்வித்தாளில் “இடப்பெயர்வு” என்று எழுதியிருக்கிறேன். இங்கே அந்தச் சொல்லுக்கு 95 என்று பொருள். “இடம்பெயர்ந்ததுக்கு முன்னமோ பின்னமோ?” என்று கேட்டே கலியாணத்தையும் கிணறு வெட்டியதையும் கணக்கிடுகிறோம். கேள்வியே ஓட்டையைப் போட்டிருக்கிறது.

ஒக்ரோபர் 20, ஞாயிறு

தம்பியின் பட்டியல். முதலாவது 2022 பெற்றோல் வரிசை. கியூஆர் பங்கீடு வந்த பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். இரண்டாவது 2020 மார்ச் ஊரடங்கு. 2009 போர்முடிவு மூன்றாவது, அதுவும் நினைவுநாளில் கொடுக்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழியாக. அப்போது அவனுக்கு 4 வயது.

பக்கத்தில் இருந்த தாத்தாவுக்கு வரிசை என்றால் எழுபதுகளில் பாணுக்கு நின்றது. ஆனால் அவரின் குரல் அதில் தாழவில்லை. இறக்குமதி நின்ற அந்த ஆண்டுகளில் இங்கே மிளகாயும் வெங்காயமும் வைத்தவனுக்குக் காசு. தெற்கில் பட்டினிக்காலம் என்று நினைவில் இருப்பது இங்கே தோட்டக்காரரிடம் கல்வீடு கட்டிய காலமாக இருக்கிறது. 77க்குப் பிறகு இறக்குமதி திறந்து விலை விழுந்ததைத்தான் அவர் இழப்பாகச் சொல்கிறார். காணியில்லாமல் கூலிக்கு நின்றவரிடம் கேட்டால் வேறு எழுபதுகள் வரும். அவரையும் பதியவேண்டும், அடுத்த மாதம்.

ஒக்ரோபர் 21, திங்கள்

அமெரிக்காவில் 1985இல் ஷூமனும் ஸ்கொட்டும் 1,410 பேரிடம் கடந்த ஐம்பது ஆண்டில் பெரிய நிகழ்வு எது என்று கேட்டார்கள். பதின்பருவக் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் நடந்ததையே ஆட்கள் கூடுதலாகச் சொன்னார்கள். என் பதிவுகளில் இது பாதிக்குப் பொருந்துகிறது. தபால் ஐயாவுக்கு 22 வயதில் நடந்த 1974 சனவரி 10, தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள், வீரசிங்கம் மண்டபம், பொலிஸ் புகுந்து ஆட்கள் செத்த இரவு. இன்றும் அங்கேயே நிற்கிறார். ஆனால் 95இல் 50 வயதானவரும் 95ஐத்தான் முதலில் சொல்கிறார். வீட்டை விட்டு நடந்தவருக்கு வயதுக் கணக்கு வேலைசெய்யாது என்பது என் எண்ணம்.

அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது நைசரும் ஹார்ஷும் செய்தது. 1986 சனவரியில் சலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள் காலமை, எமரி பல்கலைக்கழக மாணவர் 106 பேரிடம் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் திரும்பக் கேட்டால் நாலிலொருவருக்கு எல்லாமே பிழை, ஆனால் உறுதியோடு. அவரவர் கையெழுத்தைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. இரண்டரை ஆண்டுக்கே இப்படி. நான் முப்பத்துநான்கு ஆண்டுக்குப் பின்னால் போய்க் கதவு தட்டுகிறேன்.

ஒக்ரோபர் 22, செவ்வாய்

ஆச்சிக்குக் காய்ச்சல்.

ஒக்ரோபர் 24, வியாழன்

90இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன குடும்பத்தில் இரண்டு பேர். தொலைபேசியில் பேசினாலும் ஒலியை அவர்கள் பக்கத்தில் தனிக் கைபேசியில் பதிந்து, குரல்செய்தியாக இல்லாமல் கோப்பாக அனுப்பச் சொன்னேன். குரல்செய்தியாக வந்தால் ஒலி நசிந்துவிடும்.

பெரியவருக்கு 70. ஒலிபெருக்கியில் கூப்பிட்டது, ஐந்து சந்திப் பக்கம் ஜின்னா மைதானத்தில் கூடியது, இரண்டு மணித்தியால அவகாசம். கிழமை கேட்டேன், “செவ்வாய்” என்றார், யோசிக்கவேயில்லை. சரி. பேத்திக்கு 24, புத்தளத்தில் பிறந்தவள். “எங்கட வீட்டில இருந்து ஒஸ்மானியாவுக்கு இடப்பக்கம் திரும்போணும், கிணறு பின்பக்கம்” என்கிறாள். அந்த வீட்டில் ஒரு இரவும் படுத்ததில்லை. “எங்கட”வுக்கு இரண்டாவது கோடு.

அவர்கள் “இடப்பெயர்வு” என்று ஒருமுறையும் சொல்லவில்லை. “வெளியேற்றம்.”

ஒக்ரோபர் 26, சனி

கேள்வியை எப்படிக் கேட்பது. “முஸ்லிம்களை அனுப்பினது நினைவிருக்கோ?” என்றால் ஆம், பாவம், பிழைதான் என்று முடிந்துவிடும். அது கருத்து. எனக்கு அன்றைய நாள் வேண்டும்.

தொழில் வழியாகப் போகலாம். தையல், இரும்புக்கடை, லொறி, இங்கே முஸ்லிம்கள் செய்துவந்த தொழில்கள். தீபாவளிச் சட்டையைக் கேட்கலாம் என்று நினைத்தேன், அந்த ஆண்டுத் தீபாவளி வெளியேற்றத்துக்கு ஏறத்தாழ இரண்டு கிழமை முன்னால்.

ஒக்ரோபர் 27, ஞாயிறு

தோற்றது. “90இல ஆர் தீபாவளி கொண்டாடினது?” என்று அக்கா சிரித்தார். செல்லடிக்குள் புதுச்சட்டை எங்கே. கேள்வி கேட்பவர் அந்த மாதத்தின் வறுமையை மறந்தால் இப்படித்தான்.

பிறகு மாற்றினேன். 91 தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது வெள்ளைச் சட்டை யார் தைத்தது? அக்காவுக்கு அப்போது 13. “அம்மா பழையதின்ர மடிப்பை அவிட்டு நீட்டிவிட்டவ. அவிட்ட இடத்தில பழுப்புக் கோடு தெரிஞ்சது, நான் வெக்கப்பட்டனான்.” ஏன் தைக்கக் கொடுக்கவில்லை? “தைக்கிறவை…”

22 செக்கன் அமைதி. இடையில் நான் வாய் திறக்கவில்லை. அதை வெட்டவும் மாட்டேன். எழுத்துப்படியில் “(22 செக்கன்)” என்று இருக்கும். பிறகு, “இந்த வருசம்வரைக்கும் அதையும் இதையும் சேர்த்து யோசிக்கேல்லை” என்றார்.

ஒக்ரோபர் 30, புதன்

6.40. காய்ச்சல் விட்டிருக்கிறது, குரல் மெலிவு. மைக்கை அரைச் சாணுக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

சட்டையைக் கேட்கவில்லை, 90இல் 54 வயதானவருக்கு அது சரிவராது. கிணற்றுக் கப்பி எங்கே வாங்கியது என்று கேட்டேன். கடை, கடைக்காரர், அவர் தவணைக்குத் தந்தது, கடைசித் தவணை கட்டப் போனபோது கதவு பூட்டியிருந்தது. ஒரே மூச்சில். “காசை முடிஞ்சு வைச்சிருந்தனான் பிள்ளை. 95இல அதோடதான் நடந்தனான்.” எவ்வளவு என்று கேட்டேன், சொன்னார். இரண்டு முறை கேட்டு இரண்டு முறையும் ஒரே தொகை.

19ஆவது நிமிடத்தில் கடைக்காரரின் பெயரைச் சொல்கிறார். சரியாக அந்த இடத்தில் காகம். மூன்று முறை போட்டுக் கேட்டுவிட்டேன், முதல் எழுத்து மட்டும்தான் பிடிபடுகிறது.

ஒக்ரோபர் 31, வியாழன்

தீபாவளி. விடிய முதலே வெடி.

நவம்பர் 1, வெள்ளி

6.30. விசிறி நிறுத்தியாயிற்று. ஆச்சி இன்னும் நித்திரை.