சி.டி. ஸ்கேனுக்கு வெறும் வயிறு மட்டும் போதாது

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் ‘கான்ட்ராஸ்ட்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை, அவருடைய அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீரகக் கல்லைப் பார்ப்பதற்காக எடுக்கும் சாதாரண ஸ்கேன் என்றால் பெரிய ஆயத்தம் எதுவும் வேண்டாம். படுத்துச் சில நிமிடங்களில் எழுந்துவிடலாம். கான்ட்ராஸ்ட் என்றால், உள்ளுறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரிய அயோடின் கலந்த மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். அது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேற வேண்டும் என்பதால், அதைத் தாங்கும் நிலையில் சிறுநீரகம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாததால், கேரள மலையில் இருக்கும் வண்டிப்பெரியாற்றிலிருந்து மலையிறங்கிப் போன என் அப்பா, ஸ்கேன் எடுக்காமலே, அதுவும் மயங்கி விழப்போகும் நிலைக்குப் போய், திரும்பி வந்தார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீண்ட காலச் சர்க்கரை நோயாளி. வயிற்று அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிந்ததால், அது என்னவென்று உறுதி செய்ய சி.டி. எடுக்கச் சொன்னார்கள். மலைக்குக் கீழே உள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் தேதி வாங்கினோம். தொலைபேசியில் பேசிய பெண், காலையில் எதுவும் சாப்பிட வேண்டாம், வழக்கமான மாத்திரைகளைக் கொஞ்சம் தண்ணீருடன் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார். சர்க்கரை இருக்கிறதா என்றும் கேட்கவில்லை, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றும் சொல்லவில்லை.

குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை அந்தச் சாலை எப்படி வளைந்து வளைந்து இறங்கும் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். வெறும் வயிற்றோடு, விடியற்காலைப் பேருந்தில், சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையையும் போட்டுக்கொண்டு அப்பா வந்தார். பதிவு மேசையில் இருந்தவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, “கிரியாட்டினின் ரிப்போர்ட் எவிடெ?” என்றார். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. கையில் இருந்த அறிக்கையை நீட்டினோம். அது பழையது, செல்லாது என்று தள்ளிவிட்டார். அவர்களுடைய ஆய்வகத்திலேயே ரத்தம் கொடுத்தால் முடிவு வரப் பல மணி நேரம் ஆகும் என்றும், அதற்குள் எங்களுடைய நேரம் போய்விடும் என்றும், வேறு தேதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று பதில் வந்தது. யாருக்குத் தெரியும்? ஏலத்தோட்டத்திலும் தேயிலைக் காட்டிலும் வேலை செய்து வாழ்ந்தவர்களுக்குக் கிரியாட்டினின் எப்படித் தெரியும்?

நாங்கள் அங்கே பேசிக்கொண்டு நின்ற வேளையில்தான் அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. கழுத்தும் நெற்றியும் வியர்த்துக் கொட்டின. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். அவ்வழியாகப் போன ஒரு செவிலியர் நின்று பார்த்து, எதுவும் கேட்காமலே விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார். 58 காட்டியது. 70-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்தின் தொடக்கம் என்று பிறகுதான் எங்களுக்கு விளக்கினார்கள். அவர் தன்னுடைய பையிலிருந்தே குளுக்கோஸ் எடுத்துக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் குத்திப் பார்த்து, சாப்பிட வைத்த பிறகுதான் எங்களை அனுப்பினார். மேசையில் இருந்தவரையும் இவரையும் ஒரே கட்டடத்தில் பார்த்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சர்க்கரை நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். ரத்த அழுத்த மாத்திரை வேறு, சர்க்கரை மாத்திரை வேறு. பட்டினி கிடக்கும் காலையில் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ எப்படி எடுப்பது என்பதை, அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேட்க வேண்டும். பதிவு மேசை சொல்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது. காலையின் முதல் நேரத்தையே கேட்டு வாங்குங்கள். பட்டினி நேரம் குறையும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் விஷயம் தனி. அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் கான்ட்ராஸ்ட் மருந்துக்குப் பிறகு சிறுநீரகம் தளர்ந்துபோனால், மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி, ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. சிறுநீரகம் நன்றாக இயங்குபவர்கள் நிறுத்த வேண்டியதில்லை என்று இப்போதைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனாலும் பல மருத்துவமனைகள் எல்லோரையும் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்கின்றன. எங்கள் ஊர் மருத்துவர் அப்பாவின் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கிரியாட்டினின் பரிசோதனையையும் உள்ளூரிலேயே முடித்தோம். அறிக்கையில், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ‘ஈஜிஎஃப்ஆர்’ என்ற எண்ணையும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். 30-க்குக் கீழே இருந்தால்தான் பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் கொடுக்க யோசிப்பார்கள். அப்பாவுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

அடுத்த முறை முந்திய நாள் மாலையே இறங்கி, மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கினோம். செலவுதான், ஆனால் அந்த வளைவுகளில் வெறும் வயிற்றோடு அவரை மறுபடியும் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. பதிவு வேலைகள் இந்த முறை தடையின்றி முடிந்தன.

உள்ளே போகுமுன் ஒரு சிக்கல் வந்தது. அப்பாவின் இடுப்பில் வெள்ளி அரைஞாண். வயிற்று ஸ்கேனில் உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக விழுந்து, பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். திருகுக் கொக்கி கறுத்து அழுக்கேறி அசையவே இல்லை. வெட்ட அப்பா சம்மதிக்கவில்லை. சோப்பு நுரையைத் தடவி, ஒரு கைக்குட்டையால் திருகைப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பி ஒருவழியாகக் கழற்றினோம். பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள் அரைஞாண், தாலி, தோடு, மூக்குத்தி என எதெது கழற்ற வேண்டியிருக்கும் என்று கேட்டு, வீட்டிலேயே கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

ஒப்புதல் படிவம் மலையாளத்தில் இருந்தது. அப்பா மலையாளம் சரளமாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. வரி வரியாக வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். முகம் சுளித்தாலும் வாசித்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதற்கு முன் கான்ட்ராஸ்ட் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்பவை அதில் முக்கியமான கேள்விகள். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டால் இவை நழுவிப்போகும்.

ஸ்கேன் எளிதுதான். கருவி குகை போல மூடியிருக்காது. பெரிய வளையம், அதற்குள் மேசை நகர்ந்து போய் வரும், அவ்வளவே. முழங்கை மடிப்பில் போட்ட ஊசி வழியாக மருந்து வேகமாக ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும், சிறுநீர் போய்விட்டது போலவே தோன்றும். இதை முன்பே சொல்லிவைத்திருந்ததால் அப்பா பதறவில்லை. ஊசி போட்ட இடத்தில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் மட்டும் உடனே குரல் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கட்டிக்கு மருந்து ஏறுவதற்கு முன்பும் பின்பும் வெவ்வேறு நேரங்களில் படம் எடுப்பார்கள். மேசை மறுபடியும் மறுபடியும் உள்ளே போவதைப் பார்த்து, ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் பதிவுக் குரலுக்கு ஏற்ப முந்திய இரவே விடுதியில் பழகிப் பார்த்தோம். அது நன்றாக உதவியது.

முடிந்ததும் ஊசியைக் கழற்றாமல் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். தடிப்போ மூச்சுத் திணறலோ வருகிறதா என்று பார்ப்பதற்காக. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வெளிநோயாளியாக எடுத்ததால் காப்பீட்டு அட்டை உதவவில்லை. முழுப் பணமும் கட்டினோம். அறிக்கையோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள்; கேட்காதவர்களுக்கு அங்கே தரவில்லை.

கட்டி வெறும் நீர்க்கட்டிதான், சிறுநீரக நீர்க்கட்டிகளைத் தரம் பிரிக்கும் பாஸ்னியாக் முறையில் முதல் வகை, சிகிச்சை தேவையில்லை என்று அறிக்கை சொன்னது. அதைப் படித்துச் சொன்னபோது அப்பா முதலில் கேட்டது அரைஞாணைத்தான். மெட்ஃபார்மினை 48 மணி நேரம் கழித்து, கிரியாட்டினினை மறுபடியும் பார்த்து, மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்கினோம்.